தாத்தாவின் மங்கு: வசனமில்லாத படத்தில் ஒரு பொருள் எப்படிப் பேசுகிறது

கோலாலம்பூரில் அனிமேஷன் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் வசனமே இல்லாத ஆறு நிமிடக் குறும்படம் ஒன்றைச் செய்துவருகிறார். ரப்பர்த் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய ஒரு தாத்தா, மனைவி இறந்த பிறகு தலைநகரில் பதினான்காவது மாடியிலிருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்கிறார். அவருடைய தனிமையும், பேத்தியோடு மெல்ல உண்டாகும் நெருக்கமும்தான் கதை. காலம் ஓடுவதைக் காட்ட மணற்கடிகாரம், அடைபட்ட மனத்துக்குக் கூண்டுக்கிளி, இறந்த மனைவிக்குக் காகம், தோட்டத்து நினைவுக்குக் கெம்போஜா எனும் ஃபிராஞ்சிபானிப் பூ என்று நான்கு குறியீடுகளை வைத்திருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. சீன நண்பரோ காகத்தைப் பார்த்துவிட்டு, தாத்தா சாகப்போகிறார் என்று கடைசிவரை காத்திருந்தாராம். பூ உதிரும் இடத்தில் மலாய்த் தோழி, "இது பேய்ப் படமா?" என்று கேட்டாராம். எல்லோருக்கும் புரியும் குறியீடுகளின் பட்டியல் எங்காவது கிடைக்குமா என்பது கேள்வி.

தம்பி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அப்படி ஒரு பட்டியலை நான் கண்டதில்லை. யாராவது கொடுத்தாலும் அதை நம்பி வரைய வேண்டாம் என்றே சொல்வேன்.

உங்கள் நண்பர்கள் இருவரும் படத்தைத் தவறாகப் பார்க்கவில்லை. காகம் எதற்காக வருகிறது என்று படம் அவர்களுக்குக் காட்டவில்லை. அதனால் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அர்த்தத்தைப் போட்டு அந்த இடத்தை நிரப்பிக்கொண்டார்கள். உங்கள் அம்மாவும் அதையேதான் செய்தார். அவர் வீட்டு அர்த்தமும் உங்கள் வீட்டு அர்த்தமும் ஒன்றாக இருந்ததால் பொருந்திவிட்டது. ஆகவே, அம்மாவுக்குப் புரிந்ததைக்கூட இப்போதைக்குப் படத்தின் வெற்றியாக எண்ண வேண்டாம்.

குறியீடாக வரப்போகும் பொருள் முதலில் கதைமாந்தரின் கையில் புழங்கும் பொருளாக இருக்க வேண்டும். அதை அவர் எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று பார்வையாளர் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் புழக்கத்தில் ஏதாவது ஒன்று மாற வேண்டும். அந்த மாற்றத்தில்தான் அர்த்தம் பிறக்கிறது. நான் இங்கே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

அமெரிக்க மெய்யியலாளர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ் குறிகளை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகை, பொருளைப் போலவே தோற்றம் கொண்டது; தாத்தாவின் படம் தாத்தாவைக் குறிப்பதுபோல. இரண்டாவது, காரணத்தால் தொடர்புடையது. புகை நெருப்பைக் குறிக்கும், ஈரமான செருப்பு வெளியே மழை பெய்ததைக் குறிக்கும். மூன்றாவது, ஒரு கூட்டம் தனக்குள் உடன்பட்டு வைத்துக்கொண்டது. தாலி திருமணத்தைக் குறிப்பதுபோல. உங்கள் காகமும் கெம்போஜாவும் மூன்றாவது வகை. நீங்கள் எந்தக் கூட்டத்துக்குப் படம் காட்டுகிறீர்களோ அந்தக் கூட்டத்துக்கு மட்டுமே அவை பேசும். மலேசியாவில் ஒரு திரையிடலுக்கு வந்து உட்காருபவர்கள் ஒரே கூட்டம் கிடையாது. அதனால் மூன்றாவது வகைக் குறியீடு எதை எடுத்தாலும், அதை இரண்டாவது வகையாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். காரணமும் விளைவும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

காகத்தையே எடுத்துக்கொள்வோம். சாப்பிடுவதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதும், அது வந்து கொத்தினால் முன்னோர் ஏற்றுக்கொண்டார்கள் என்று மனம் நிறைவதும் நம் வீடுகளில் ஊறிப்போனவை. ஆனால் கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ வளர்ந்த மற்றவர்களுக்குக் காகம் என்றால் குப்பைத்தொட்டியைக் கிளறும் பறவை, நகராண்மையினர் துப்பாக்கியோடு வந்து சுட்டுக் குறைக்கும் பறவை. இந்த நாட்டில் காகத்தின் கதையே தனி. 1890-களில், சிலாங்கூரின் காப்பித் தோட்டங்களைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, தோட்டம் மாறிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டது. உங்கள் தாத்தாவின் கதையும் அதுதானே. இதைப் படத்தில் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் காகத்தை வரையும்போது உங்கள் மனத்தில் இது இருக்கட்டும். அந்தப் பறவையை நீங்கள் வேறு விதமாக வரைவீர்கள்.

ஆகவே காகத்தை எடுத்துவிட வேண்டாம், அது வரும் விதத்தை மாற்றுங்கள். இப்போதைய ஸ்டோரிபோர்டில், அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்த ஓவியத் தொகுப்பில், அது மின்கம்பியில் உட்கார்ந்து தாத்தாவைப் பார்க்கிறது. அங்கே அதற்கு வேலை இல்லை. வெறுமனே உட்கார்ந்து பார்க்கும் கரிய பறவை யாருக்கும் சகுனமாகத்தான் தெரியும். தாத்தா தன் தட்டிலிருந்து முதல் பிடியை உருட்டிச் சன்னல் விளிம்பில் வைக்கட்டும். தட்டைத் தொடாமல் காத்திருக்கட்டும். காகம் வந்து எடுத்த பிறகே அவர் சாப்பிடத் தொடங்கட்டும். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மகள் கம்பி வலையைப் பொருத்திவிடுகிறாள், அல்லது மழை பெய்கிறது, காகம் வரவில்லை. தட்டு ஆறிப்போகிறது. அவர் சாப்பிடவில்லை. இவர் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்பது பார்க்கும் எவருக்கும் அந்த இடத்தில் புரிந்துவிடும். பின்னால் சுவரில் மாலையிட்ட படத்தை ஒருமுறை காட்டியிருந்தால், யாருக்காக என்பதும் புரியும். சீன நண்பர், முன்னோரை வணங்கும் செங் பெங் நாளில் கல்லறைக்குக் கொண்டுபோகும் உணவை நினைத்துக்கொள்வார். மலாய்த் தோழி பெருநாளன்று கல்லறையில் ஊற்றும் பன்னீரை நினைக்கக்கூடும், நினைக்காமலும் போகலாம். காத்திருப்பவர் சாப்பிடவில்லை என்ற செய்கை எப்படியும் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். காகம் முன்னோர் என்று அவர்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மணற்கடிகாரத்துக்கு வருகிறேன். அதை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அந்தத் தாத்தா வாழ்நாளில் மணற்கடிகாரத்தைத் தொட்டிருப்பாரா? அது நமக்குக் கணினித் திரையிலிருந்தும் வெளிநாட்டுப் படங்களிலிருந்தும் வந்தது. புரியும், மறுக்கவில்லை. ஆனால் அது வந்தவுடன் பார்வையாளர் தாத்தாவை விட்டுவிட்டு, 'ஓ, காலம்' என்று ஒரு சொல்லைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவருக்கு அங்கே செய்தி கிடைக்கிறது, உணர்வு கிடைப்பதில்லை.

அவருடைய வாழ்க்கையில் காலத்தை அளந்த பொருள் எது? மங்கு. ரப்பர் மரத்தில் பால் சொட்டும் அந்தச் சிறிய கிண்ணம். இரவின் குளிர்ச்சி இருக்கும்போது மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும் என்பதால் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவப் போவார்கள். பட்டையில் சரிவாக ஒரு கோடு, அதன் வழியே வெள்ளைப் பால் இறங்கி, தகரக் காம்பின் நுனியிலிருந்து மங்கில் சொட்டும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும், பிறகு நின்றுவிடும். நாள் எவ்வளவு ஆயிற்று என்பதை மங்கு நிறைந்திருக்கும் அளவே சொல்லிவிடும். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இதைவிடத் துல்லியமான மணிக்கூண்டு இல்லை.

இப்போது அதைப் பதினான்காவது மாடிக்குக் கொண்டுவாருங்கள். தாத்தாவின் பையில் துணிகளுக்கு நடுவே ஒரு பழைய மங்கு இருக்கிறது. விளிம்பில் காய்ந்துபோன ஒட்டுப்பால். அதிகாலை நான்கு மணிக்குப் பழக்கத்தால் விழித்துக்கொள்கிறார். செய்வதற்கு ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவர் மங்கை எடுத்துவந்து அதன்கீழ் வைக்கிறார். சொட்டு விழும் ஓசையை ஒருமுறை நன்றாகக் கேட்கவிடுங்கள். அடுத்த சொட்டு வெள்ளையாக விழட்டும். அங்கிருந்து நினைவுக்குள் போய்விடலாம். வெட்டு தேவையில்லை, திரை மங்கவும் தேவையில்லை, விளக்க அட்டையும் தேவையில்லை. நேரடி நடிப்புப் படத்தில் இதைச் செய்ய எவ்வளவோ பாடுபட வேண்டும். அனிமேஷனில் ஒரு சொட்டின் நிறத்தை மாற்றினால் போதும். நமக்குக் கிடைத்திருக்கும் இந்த வசதியைப் பயன்படுத்தாமல், ஆயத்தமாகக் கிடைக்கும் சின்னங்களை ஒட்டிவைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ரப்பர் தமிழர்களுக்கு மட்டும் உரியதா என்று கேட்பீர்கள். இல்லை. சிறு தோட்டங்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் ஏராளமானோர் மரம் சீவியிருக்கிறார்கள். உங்கள் நண்பர்களின் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், மங்கை அடையாளம் தெரியாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். நகரத்தில் பிறந்து ரப்பர் மரத்தையே பார்க்காத பிள்ளைகளுக்கும் கவலை இல்லை. நினைவுக் காட்சியில் அது மரத்தில் கட்டியிருப்பதையும் பால் விழுவதையும் அவர்கள் பார்த்துவிடுவார்கள். படமே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இதோடு ஒட்டி, உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கக்கூடிய இன்னொரு உருவம் இருக்கிறது: தோளில் கம்பு, இருபுறமும் சுமை. பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடப்பதைத் தோட்டத்தார் அறிவார்கள். அதே நிழலுருவத்தைப் பினாங்குக்காரரிடம் காட்டுங்கள், நாசி கண்டார் என்பார். அந்தச் சோற்றுக்குப் பெயர் வந்ததே அதை விற்ற தமிழ் முஸ்லிம்கள் தோளில் சுமந்த கம்பிலிருந்துதான். தைப்பூசம் பார்த்தவருக்குக் காவடி நினைவுக்கு வரும். சீனப் பெரியவர் ஒருவருக்கு, தெருவில் பொருள் விற்ற தன் அப்பாவின் தோள் நினைவுக்கு வரும். நான்கு பேருக்கு நான்கு நினைவுகள். ஆனால் நால்வரும் 'பாரம், பிழைப்பு, நடை' என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். குறியீட்டைத் தேடும்போது நான் இப்படிப்பட்டவற்றைத்தான் தேடுவேன். எல்லோருக்கும் ஒரே அர்த்தம் தரும் உருவம் கிடைப்பது அரிது. வெவ்வேறு நினைவுகளிலிருந்து புறப்பட்டு ஒரே உணர்வில் சந்திக்கும் உருவங்கள் இந்த நாட்டில் நிறைய இருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மழையில் நனைந்து ஒரே சந்தையில் வாங்கியவர்கள் நாம். பிற்பகலில் ஹாரன் அடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர், மூன்று இனத்தாரின் பண்டிகைகளும் பெரிய எண்களும் அச்சிட்ட சுவர்க் காலண்டர், காப்பிக் கடையின் பளிங்கு மேசை என்று அந்த வரிசை நீளும்.

விலங்குகளிலும் இது உண்டு. 1983-இல் மக்கள் பார்வைக்கு வந்த 'ஹிக்காயாட் சாங் கான்சில்' மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமாகக் கருதப்படுகிறது. அதைச் செய்தவர் அரசின் திரைப்பட நிறுவனமான பிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர். அதன் நாயகன் சருகுமான். மலாய்க் கதை கேட்டு வளர்ந்தவருக்குச் சருகுமானின் காதைப் பார்த்தாலே 'தந்திரசாலி' என்று தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வந்த பார்வையாளர் தந்திரத்துக்கு நரியையோ முயலையோ தேடுவார். ஆனால் ஒரு சிறிய விலங்கு பெரிய விலங்கை ஏய்ப்பதைக் கண்ணால் கண்டுவிட்டால், அது எந்த விலங்கு என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய ஓவியங்களில் ஓரிடத்தில் வேலும் ஓம் எழுத்தும் பின்னணியில் ஒளிர்கின்றன. அவை வேண்டாம் என்று நினைக்கிறேன். இது பக்திக் குறைவால் சொல்வதன்று. நம் மரபே இதை யோசித்திருக்கிறது. அகப்பாடல்களில் தலைவி தன் மனத்திலுள்ளதை நேரே சொல்லாமல், வயலில் எருமை மேய்வதையும் நீரில் மீன் துள்ளுவதையும் சொல்லி உணர்த்துவாள். அதை உள்ளுறை என்றார்கள். அந்தந்த நிலத்தின் மரம், விலங்கு, பறவை, தொழில் போன்ற கருப்பொருள்களைக் கொண்டுதான் அதை அமைக்க வேண்டும். அந்தக் கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. இதன் நுட்பத்தை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன். தெய்வத்தின் அர்த்தம் ஏற்கனவே முழுமையாக இருக்கிறது. அதற்குள் உங்கள் தாத்தாவின் தனிமையை வைப்பதற்கு இடம் கிடையாது. எருமைக்கும் மீனுக்கும் அந்த இடம் இருக்கிறது. மங்குக்கும் இருக்கிறது. தாத்தா கும்பிடுவது கதைக்கு வேண்டுமென்றால் அவர் கும்பிடட்டும், அது அவருடைய செயல். ஒளிவட்டத்தோடு பின்னணியில் வேலாயுதத்தை வைத்து எங்களை உணரச் சொல்லாதீர்கள்.

கூண்டுக்கிளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லோருக்கும் புரியும், எல்லோரும் ஆயிரம் முறை பார்த்ததும்கூட. மகள் வீட்டின் சன்னல் கம்பிகளே போதும். கம்பிகளின் நிழல் காலையில் அவர் காலடியில் விழுவதையும், மாலையில் சுவரில் ஏறுவதையும் காட்டுங்கள்.

கெம்போஜா சற்றுச் சிக்கலானது. மலாய்க் கல்லறைகளில் நட்டுவைக்கும் மரம் அது. அதன் மணத்தைப் பொந்தியானாக் பேயோடு சேர்த்துச் சொல்லும் கதைகளை இந்த நாட்டில் கேட்காதவர் இல்லை, தமிழர்கள் உட்பட. உங்கள் தோழி கேட்டது நியாயமான கேள்வி. இங்கே பிரச்சினை அர்த்தம் தெரியாமல் போவதில்லை. வலுவான ஓர் அர்த்தம் முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை ஆறு நிமிடத்தில் விரட்ட முடியாது. இப்படிப்பட்ட பொருளை எதிர்த்துப் போராடுவதைவிட வேறு பூ தேடுவது நல்லது. பாட்டி மல்லிகை தொடுத்திருக்கலாம். லயத்து வீட்டு வாசலில் செம்பருத்தி இருந்திருக்கலாம். செம்பருத்தி இந்நாட்டின் தேசிய மலர். அதைப் பார்த்துப் பயப்படுபவர் யாரும் இல்லை.

நிறங்களிலும் இதே கவனம் வேண்டும். நம் வீட்டில் வெள்ளைப் புடவை கைம்மையைக் காட்டும். சீனர்களிடமும் வெள்ளை துக்கத்துக்கு உரியது. மலாய்க்காரர்களிடம் இறந்தவருக்குப் போர்த்தும் கஃபன் துணியும் வெள்ளை, நிக்காஹ் உடையும் பெரும்பாலும் வெள்ளை. மஞ்சளை நாம் மங்கலம் என்கிறோம், இங்கே அது அரச நிறம். பண்டிகைப் பணஉறைகளைப் பாருங்கள்: சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்குப் பெரும்பாலும் ஊதா. ஆகவே ஒரு நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அகராதி பார்ப்பதைவிட, படத்துக்குள் அந்த நிறம் எங்கே வருகிறது, எங்கே வராமல் இருக்கிறது என்பதை நீங்களே கட்டுப்படுத்துங்கள். உங்கள் கதைக்கு நான் செய்வதென்றால், அடுக்குமாடி வீடு முழுவதையும் சாம்பலும் நீலமும் கலந்து வைத்துவிட்டு, தூய வெள்ளையைப் பாலுக்கு மட்டும் ஒதுக்குவேன். மகளின் குளிர்பெட்டிகூட வெள்ளையாக இருக்கக் கூடாது. அப்போதுதான் அந்த ஒரு சொட்டு விழும்போது கண் அங்கே போகும். பிறகு ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தை எடுத்த பிறகும் சொட்டு பளிச்சென்று தெரிந்தால் சரி.

இடங்களும் காலத்தைச் சொல்லும், இதில் பலர் தவறிவிடுகிறார்கள். நினைவுக் காட்சியில் தாத்தாவும் பாட்டியும் பத்துமலைக்குப் போவதாக வரைந்திருக்கிறீர்கள். படிகள் வானவில் நிறத்தில் இருக்கின்றன. அந்த 272 படிகளுக்கு அப்படி வண்ணம் பூசியது 2018-இல். 140 அடி முருகன் சிலை திறக்கப்பட்டது 2006 சனவரியில். இளமைக் காலக் காட்சி என்றால் இரண்டுமே இருக்கக் கூடாது. சிலையில்லாத மலையடிவாரமும் சாதாரணப் படிகளும் தெரிந்தால், 'இது வெகுநாளைக்கு முன்' என்பது கோலாலம்பூர்க்காரருக்கு நொடியில் தெரிந்துவிடும். ஆண்டு எண்ணைத் திரையில் எழுத வேண்டிய தேவையே இருக்காது.

பழமொழியையும் மரபுத்தொடரையும் படமாக வரையாதீர்கள். 'வயிறு எரிகிறது' என்பதை எரியும் வயிறாக வரைந்தால் தமிழருக்கு மட்டுமே தெரியும். மலாய்க்காரருக்கு உணர்ச்சியின் இருப்பிடம் ஹாத்தி. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கல்லீரல். சைகைகளும் அப்படித்தான். நாம் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டினால் 'சரி' என்று அர்த்தம். பழக்கமில்லாதவருக்கு அது மறுப்பாகத் தெரியும். சுட்டுவிரலால் ஒருவரைக் காட்டுவது மலாய்ப் பண்பாட்டில் மரியாதைக் குறைவு, கட்டைவிரலால்தான் காட்டுவார்கள். ஜப்பானிய அனிமேஷனிலிருந்து வந்த மூக்குக் குமிழி, நெற்றி வியர்வைத் துளி போன்றவை உங்கள் வயதினருக்கு எழுத்தைப் போலவே பழகிவிட்டன. தாத்தா வயதினருக்கு அவை வெறும் குமிழியும் துளியும்தான், அவர்களும் உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறார்கள்.

அசைவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நிறைவாகாது. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சிறு படம் செய்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு கட்டம். இவ்வளவுதான் படத்தில் இருந்தவை. பார்த்த 34 பேரிடம் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்றவர்கள் உயிருள்ள பாத்திரங்கள் துரத்தியதாகவும் பயந்ததாகவும் சண்டையிட்டதாகவும் கதை சொன்னார்கள். முகம் இல்லை, கை இல்லை, உடையும் பண்பாடும் இல்லை. வேகமும் திசையும் தயக்கமும் மட்டுமே இவ்வளவையும் சொல்லிவிட்டன. எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் அர்த்தத்தில் பெரும்பகுதியை அதைத் தொடும் கையின் அசைவுதான் தருகிறது. தாத்தா மங்கை மேசையில் எப்படி வைக்கிறார்? பொத்தென்றா, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டா? இதற்கு ஒரு வாரம் செலவிட்டாலும் தகும்.

அந்த அசைவைப் பார்க்கப் பார்வையாளருக்கு நேரமும் கொடுங்கள். உங்கள் அனிமேட்டிக்கில், அதாவது ஓவியங்களை நேரக் கணக்கோடு கோத்த முன்வரைவுப் படத்தில், மங்கு போன்ற முக்கியமான பொருள்கள் அரை நொடிக்கும் குறைவாகவே வந்துபோகின்றன. வரைந்தவருக்கு அது போதும், ஏனென்றால் அவர் அதோடு மாதக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார். முதன்முறை காண்பவருக்கு இரண்டு நொடியாவது வேண்டும். அந்த இரண்டு நொடியில் சட்டகத்தில் வேறெதுவும் அசையக் கூடாது. நிழலுருவமாகக் கறுப்பில் நிரப்பினாலும் பொருள் அடையாளம் தெரிய வேண்டும். மங்கைப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள், மேலிருந்து பார்த்தால் அது வெறும் வட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு சிறிய திரையிடலில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தாய் இறப்பதைக் காட்டக் குத்துவிளக்கை வைத்திருந்தேன். காற்று வீசும், சுடர் அணையும், திரை இருளும். விளக்கை 'அணை' என்று சொல்லவே கூடாது, 'குளிர வை' என்றுதான் சொல்ல வேண்டும் என்று கற்பித்த பாட்டியிடம் வளர்ந்தவன் நான். அந்தக் காட்சியை வரையும்போது எனக்கே கை நடுங்கியது. திரையில் சுடர் அணைந்ததும் முன்வரிசைச் சிறுவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் அறிந்தவரை சுடர் அணைவது பிறந்தநாள் கேக்கில்தான். ஒரு சீனப் பாட்டி பிறகு என்னிடம் வந்து, மின்சாரம் நின்றுபோன காட்சி அழகாக இருந்தது என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். அன்றிரவு படகில் பட்டர்வொர்த்துக்குத் திரும்பும்போது, யாரிடம் தவறு என்று யோசித்துக்கொண்டே வந்தேன். விளக்கு என் மனத்தில் சுமந்திருந்ததை நான் திரையில் வைக்கவே இல்லை.

பிறகு அந்தக் காட்சியை மாற்றினேன். அம்மா மகளின் கையைப் பிடித்துத் தீக்குச்சி கிழித்து விளக்கேற்றக் கற்றுத்தருகிறார். இன்னொரு மாலையும் அதே கை, அதே குச்சி. கடைசியில் மகளின் கை மட்டும். குச்சி இரண்டு முறை அணைகிறது, மூன்றாவது முறை பற்றுகிறது. விளக்கு எரிகிறது, அணையவே இல்லை. அதன் பிறகு யாரும் கைதட்டவில்லை, விளக்கமும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் வண்ணம் தீட்டுவதற்கு முன்பே அனிமேட்டிக்கை ஐந்து பேரிடம் காட்டிவிடுகிறேன். இசையைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் சோக இசை புரியாத காட்சியையும் புரிந்ததுபோல் ஆக்கிவிடும். ஐவரில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர், ஒருவர் பத்து வயதுக்கு உட்பட்டவர், குறைந்தது இருவர் தமிழர் அல்லாதவர். "புரிந்ததா?" என்று கேட்பதில்லை, மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்பார்கள். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அவர்கள் சொல்வதில் எந்தப் பொருளின் பெயர் வரவில்லையோ அது படத்தில் வேலை செய்யவில்லை. 'காத்திருந்தார்', 'ஒளித்துவைத்தார்', 'கொடுத்தார்' என்று வினைச்சொற்கள் வந்தால் நல்ல அறிகுறி. 'காகம் மரணத்தைக் குறிக்கிறது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலை வந்துவிடும், அவர் சரியாகவே சொல்லியிருந்தாலும்கூட. கதையைப் பார்க்க வேண்டிய இடத்தில் அவர் விடுகதையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடைசிக் காட்சியில் பேத்தி தாத்தாவைக் கட்டிக்கொள்கிறாள், கிளி கூண்டிலிருந்து பறக்கிறது. இதை மட்டும் மறுபடி யோசித்துப் பாருங்கள். குழாயைச் சரிசெய்ய ஆள் வந்துபோய்விட்டார், சொட்டு நின்றுவிட்டது. மறுநாள் நான்கு மணிக்குத் தாத்தா வந்து பார்க்கிறார், மங்கு காய்ந்து கிடக்கிறது. அவர் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறார். அடுத்த நாள் அதே நேரத்தில் பேத்தி தூக்கக் கண்ணோடு எழுந்து வந்து, குழாயைக் கால் சுற்றுத் திறந்து, சொட்டவிட்டு, மங்கை அதன்கீழ் நகர்த்தி வைக்கிறாள். அறைக்குள் படுத்திருக்கும் தாத்தாவுக்கு ஓசை கேட்கிறது. அதற்குப் பிறகு அவருடைய முகத்தைக் காட்ட வேண்டாம்.